பக்கத்து வங்கியில் இருக்கிறது, நம்மிடம் இல்லையே! - பழைய நிறுவனங்களைத் துரத்தும் டிஜிட்டல் காய்ச்சல்

2016 நவம்பர் மாதத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டு, வங்கி வாசல்களில் மக்கள் கால்கடுக்க நின்ற மாதம் அது. அதே மாதத்தில் சென்னையில் ஒரு வங்கிக்குப் புது ‘ஊழியர்’ ஒருவர் வந்து சேர்ந்தார். பெயர் லட்சுமி. 1904-ல் கும்பகோணத்தில் தொடங்கப்பட்ட சிட்டி யூனியன் வங்கி அறிமுகப்படுத்திய ரோபோ அது. கணக்கில் எவ்வளவு இருக்கிறது, வட்டி எவ்வளவு என்றெல்லாம் கேட்டால் பதில் சொல்லும். இந்தியாவின் முதல் வங்கி ரோபோ என்று செய்திகள் வந்தன.

இரண்டே மாதத்தில், 2017 ஜனவரியில், எச்டிஎஃப்சி வங்கி மும்பைக் கிளை ஒன்றில் ‘ஐரா’ என்ற ரோபோவைக் கொண்டுவந்து நிறுத்தியது. அந்த ஆண்டிலேயே பெங்களூருவில் கனரா வங்கிக்கு ‘மித்ரா’ வந்தது. ரோபோ வாங்கி நிறுத்த முடியாதவர்கள் உடம்பில்லாத ரோபோவுக்குப் போனார்கள். அதாவது, திரையில் கேள்வி கேட்டால் பதில் தட்டும் சாட்பாட். எச்டிஎஃப்சிக்கு ஈவா, ஸ்டேட் வங்கிக்கு சியா, ஆக்சிஸ் வங்கிக்கு ஆஹா, கோட்டக் வங்கிக்குக் கேயா. ஒரே வீட்டில் பிறந்த அக்கா தங்கைகளுக்கு வைத்த பெயர்கள் போலவே இருக்கின்றன.

இந்த யோசனை இங்கே பிறந்ததும் இல்லை. 2015-லேயே ஜப்பானின் மிட்சுபிஷி யுஎஃப்ஜே வங்கி ‘நாவோ’ என்ற குட்டி ரோபோவையும், மிசுஹோ வங்கி ‘பெப்பர்’ ரோபோவையும் கிளைகளில் நிறுத்தியிருந்தன. பெப்பரை விற்றுவந்த சாஃப்ட்பேங்க், 2020-லேயே அதன் தயாரிப்பை நிறுத்திவிட்டது என்ற செய்தி 2021-ல் வெளிவந்தது. வரவேற்பறை ரோபோவை எதிர்பார்த்த அளவுக்கு யாரும் வாங்கவில்லை.

ரோபோவால் யாருக்கும் நஷ்டம் வந்துவிடவில்லை. குழந்தைகள் கை குலுக்கிப் படம் எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஆனால், வாசலில் வரிசையில் நின்ற எந்த வாடிக்கையாளரும் ‘எங்களுக்கு ஒரு ரோபோ வேண்டும்’ என்று கேட்டதில்லை. பிறகு ஏன் வங்கி மாற்றி வங்கி அதையே செய்தது? ரோபோவோடு முடிந்திருந்தால் இந்தக் கேள்வியை விட்டுவிடலாம். அதே பழக்கம் செயலிக்கு வந்தபோது சாதாரண மக்களின் பணத்தையே தொட்டுவிட்டது. இப்போது செயற்கை நுண்ணறிவு வரை வந்து நிற்கிறது.

ஏன் ஒருவரைப் பார்த்து ஒருவர்?

பால் டிமாஜியோ, வால்டர் பவல் என்ற இரண்டு அமெரிக்கச் சமூகவியலாளர்கள் 1983-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒரே துறையில் இருக்கும் நிறுவனங்கள் எல்லாம் நாளடைவில் ஏன் ஒன்றுபோலவே ஆகிவிடுகின்றன என்பதுதான் அவர்களது கேள்வி. அவர்கள் மூன்று காரணங்களைச் சொன்னார்கள். அரசோ ஒழுங்குமுறை அமைப்போ கட்டாயப்படுத்துவது ஒன்று. அதிகாரிகள் எல்லோரும் ஒரே மாதிரிப் படிப்பு படித்து, ஒரே மாதிரிக் கருத்தரங்குகளுக்குப் போய், ஒரே மாதிரி ஆலோசகர்களிடம் பேசுவது இன்னொன்று. மூன்றாவது, வெறும் பயம். எது சரி என்று தெரியாதபோது, தெரிந்தவர் போல நடக்கிறவரைப் பார்த்து அப்படியே செய்துவிடுவது. தொழில்நுட்பம் வேகமாக மாறும் காலத்தில் இந்த மூன்றாவதுதான் அதிகம் வேலை செய்கிறது.

இதை முட்டாள்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. பின்னாளில் பொருளாதார நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி 1992-ல் ஓர் எளிய கணக்கைக் காட்டினார். அதை நம் ஊர் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுவந்தால் இப்படி இருக்கும். எதிரெதிரே இரண்டு ஹோட்டல்கள். முதல் ஹோட்டலுக்குப் பொதுவாக ஊரில் கொஞ்சம் பெயர் அதிகம். சாப்பிட வருகிற 100 பேரில் 99 பேர் ‘இரண்டாவது ஹோட்டலில்தான் சாப்பாடு நல்லா இருக்கும்’ என்று தனித்தனியாகக் கேள்விப்பட்டிருக்கிறார்கள். ஒரே ஒருவர் மட்டும் முதல் ஹோட்டல்தான் நல்லது என்று கேள்விப்பட்டிருக்கிறார். அவர்தான் முதலில் வருகிறார், முதல் ஹோட்டலுக்குள் நுழைகிறார். அடுத்து வருபவர் பார்க்கிறார். ‘அவருக்கு ஏதோ தெரிஞ்சுதான் போறாரு’ என்று யோசிக்கிறார். தான் கேள்விப்பட்டதும் முன்னவர் கேள்விப்பட்டதும் சரிக்குச் சரியாகிவிட, மிச்சம் இருப்பது முதல் ஹோட்டலுக்கு இருக்கும் அந்தக் கொஞ்சப் பெயர். அவரும் அங்கேயே போகிறார். மூன்றாவது ஆள் வரும்போது உள்ளே இரண்டு பேர். 99 பேருக்கு நல்ல ஹோட்டல் எது என்று தெரிந்திருந்தும், 100 பேரும் சுமாரான ஹோட்டலில் சாப்பிடுவார்கள். யாரும் முட்டாள்தனமாக எதையும் செய்யவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை.

வங்கியின் இயக்குநர் குழுக் கூட்டத்திலும் இதேதான் நடக்கிறது. கிளை மேலாளர்களுக்குத் தங்கள் வாடிக்கையாளருக்கு என்ன வேண்டும் என்று தெரியும். கணினிப் பிரிவுக்கு சர்வர் எவ்வளவு தாங்கும் என்று தெரியும். ஆனால், மேசைமேல் இருப்பது போட்டி வங்கியின் செய்திக்குறிப்பு. ‘அவங்க லாஞ்ச் பண்ணிட்டாங்க, நாம எப்போ?’ என்ற கேள்வி வந்த பிறகு, உள்ளே இருந்தவர்களுக்குத் தெரிந்தது எதுவும் கணக்கில் வருவதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. எல்லோரோடும் சேர்ந்து தோற்றுப்போகிற வங்கியாளரை யாரும் குற்றம் சொல்வதில்லை என்று 1931-லேயே பொருளாதார அறிஞர் கெயின்ஸ் கிண்டலாக எழுதினார். மற்றவர்கள் செய்ததைச் செய்து தோற்றால், ‘சந்தை நிலவரம் அப்படி’ என்று சொல்லிக்கொள்ளலாம். தனியாக ஒரு முடிவெடுத்துத் தோற்றால் நாற்காலி போய்விடும். சம்பளம் வாங்குகிற நிர்வாகியின் கோணத்தில் பார்த்தால், காப்பியடிப்பது ஒரு காப்பீடு. பிரீமியத்தைக் கட்டுவது மட்டும் பங்குதாரரும் வாடிக்கையாளரும்.

கண்ணுக்குத் தெரிவது, தெரியாதது

புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதை நமக்குத் தெரியும். பூனைக்குத் தெரிந்ததெல்லாம் கோடுதான். டிஜிட்டல் விஷயத்தில் அந்தக் கோடு என்பது செயலி, அதன் வண்ணம், பதிவிறக்க எண்ணிக்கை.

இங்கிலாந்தில் மோன்சோ, ஸ்டார்லிங் என்று கிளையே இல்லாத புது வங்கிகள் முளைத்தன. பளிச்சென்று ஓர் அட்டை, செலவு செய்த நொடியில் செல்போனில் தகவல் என்று இளைஞர்களை இழுத்தன. பதிலுக்கு, நூற்றாண்டுகள் பழைய நாட்வெஸ்ட் வங்கி 2019 நவம்பரில் ‘போ’ என்ற தனி டிஜிட்டல் வங்கியைத் தொடங்கியது. அதற்கும் பளிச் அட்டை, அதற்கும் செலவுத் தகவல். ஆறு மாதம் ஆவதற்குள், 2020 மே தொடக்கத்தில், மூடப்போவதாக அறிவிப்பு வந்துவிட்டது. அமெரிக்காவில் ஜேபிமார்கன் சேஸ் 2018-ல் நாடு முழுக்கக் கொண்டுவந்த ‘ஃபின்’ என்ற செயலி வங்கியின் கதையும் அதேதான். 2019-ல் மூடப்பட்டது. புது வங்கிகளிடம் சரக்கு இருந்தது அட்டையின் வண்ணத்தில் இல்லை. கணினி அமைப்பை முதல் வரியிலிருந்து தாங்களே எழுதியிருந்தார்கள். வாரத்துக்கு வாரம் மாற்றிக்கொள்ள முடிந்தது. அது வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணில் படாது.

நம் ஊரில் இந்தக் காட்சி இன்னும் தெளிவாக ஓடியது. 2015-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பேடிஎம் வாலட் பிரபலமாகிக்கொண்டிருந்த நேரம். அந்த ஒரே ஆண்டில் ஐசிஐசிஐ ‘பாக்கெட்ஸ்’, எச்டிஎஃப்சி ‘பேஸாப்’, ஸ்டேட் வங்கி ‘படி’, ஆக்சிஸ் ‘லைம்’ என்று வாலட்டுகளை இறக்கின. ஸ்டேட் வங்கியின் ‘படி’ 2018-ல் மூடப்பட்டது. அடுத்து டிஜிட்டல் வங்கிச் செயலிகளின் அலை. 2016-ல் சிங்கப்பூரின் டிபிஎஸ், கிளைக்கே போகாமல் கணக்குத் தொடங்கும் ‘டிஜிபேங்க்’கை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. 2017 மார்ச்சில் கோட்டக்கின் ‘811’, நவம்பரில் ஸ்டேட் வங்கியின் ‘யோனோ’, 2021-ல் பேங்க் ஆஃப் பரோடாவின் ‘பாப் வேர்ல்ட்’. பணம் அனுப்பலாம், முதலீடு செய்யலாம், கூடவே பொருளும் வாங்கலாம். வங்கிச் செயலியில் செருப்பு வாங்க வேண்டிய அவசியம் யாருக்கு இருந்தது என்று தெரியவில்லை. ஆனால், ஒருவர் வைத்தால் மற்றவரும் வைத்தாக வேண்டும்.

கோடு போட்டாகிவிட்டது. உடம்பு தாங்கியதா?

எச்டிஎஃப்சி 2018 நவம்பரில் ஒரு புதிய செயலியை வெளியிட்டது. கூட்டம் தாங்காமல் முடங்கிப்போனது. அதைத் திரும்பப் பெற்று, பழைய செயலியையே மறுபடி கொண்டுவர வேண்டியிருந்தது. 2019 டிசம்பரில், சம்பளம் விழும் மாதத் தொடக்கத்தில், மறுபடி முடக்கம். 2020 நவம்பரில் தரவு மையத்தில் மின்சாரம் போய், மீண்டும் தடங்கல். பொறுத்துப் பார்த்த ரிசர்வ் வங்கி 2020 டிசம்பரில் தலையிட்டது. புதிய டிஜிட்டல் சேவைகளைத் தொடங்கக் கூடாது, புதிதாக கிரெடிட் கார்டு கொடுக்கக் கூடாது என்று தடை போட்டது. தடை முழுமையாக நீங்கியது 2022 மார்ச்சில்தான். நாட்டின் மிகப் பெரிய தனியார் வங்கிக்கே இந்த நிலைமை.

கோட்டக்குக்கு இதே அடி 2024 ஏப்ரலில் விழுந்தது. இணையம், செல்போன் வழியாகப் புதிய வாடிக்கையாளரைச் சேர்க்கவும், புதிய கிரெடிட் கார்டு கொடுக்கவும் தடை. ரிசர்வ் வங்கி சொன்ன காரணங்களைப் படித்தால் விளம்பரத்தில் வருகிற எந்த வார்த்தையும் அதில் இருக்காது. என்னென்ன கணினிகளும் மென்பொருள்களும் தன்னிடம் இருக்கின்றன என்ற பட்டியலைச் சரியாகப் பராமரிப்பது, ஓட்டைகளை அடைக்கும் மென்பொருள் திருத்தங்களை நேரத்துக்குப் போடுவது, யாருக்கு எந்த அனுமதி என்று கட்டுப்படுத்துவது, வெளி ஒப்பந்ததாரர்களைக் கண்காணிப்பது, பேரிடர் வந்தால் எப்படி மீள்வது என்பன போன்ற விஷயங்கள். 2022, 2023 ஆய்வுகளில் சுட்டிக்காட்டியவை சரிசெய்யப்படவில்லை என்பதுதான் புகார். 2025 பிப்ரவரியில் தடை விலக்கப்பட்டது. ‘நாங்கள் எல்லா திருத்தங்களையும் நேரத்துக்குப் போட்டுவிட்டோம்’ என்று எந்த வங்கியும் முழுப்பக்க விளம்பரம் கொடுப்பதில்லை. விளம்பரத்தில் வராததை அடுத்த வங்கி எப்படிக் காப்பியடிக்கும்?

எண்ணிக்கைக்குக் கொடுத்த விலை

இவை இரண்டும் தொழில்நுட்பக் கோளாறு. பேங்க் ஆஃப் பரோடாவில் நடந்தது வேறு ரகம்.

‘அந்த வங்கிச் செயலியில் இத்தனை கோடிப் பேர்’ என்ற எண்தான் இந்தப் போட்டியின் ஸ்கோர் போர்டு. அந்த எண்ணை உயர்த்தும் பொறுப்பு தலைமையகத்திலிருந்து மண்டலத்துக்கும், மண்டலத்திலிருந்து கிளைக்கும், கிளையிலிருந்து ஊழியருக்கும் இலக்காக இறங்கும். ஊழியருக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர் பாஸ்புக்கில் வரவு போட வந்த முதியவர். அவரிடம் ஸ்மார்ட்போன் இல்லை. சில சமயம் எந்த போனும் இல்லை. இலக்கு மட்டும் இருக்கிறது.

2023 ஜூலையில் அல்ஜசீரா ஒரு செய்தி வெளியிட்டது. செல்போன் எண் இணைக்கப்படாத கணக்குகளோடு சம்பந்தமில்லாத வேறு ஆட்களின் எண்களை இணைத்து, அதை வைத்து செயலியில் பதிவு செய்து, எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டினார்கள் என்று அந்தச் செய்தி சொன்னது. வங்கி மறுத்தது. அக்டோபரில் ரிசர்வ் வங்கி, வாடிக்கையாளர்களைச் செயலியில் சேர்த்த விதம் குறித்துக் கவலைக்குரிய விஷயங்களைக் கண்டதாகச் சொல்லி, பாப் வேர்ல்டில் புதிதாக யாரையும் சேர்க்கக் கூடாது என்று உத்தரவிட்டது. ஊழியர்கள் பலர் இடைநீக்கம் செய்யப்பட்டதாகச் செய்திகள் வந்தன. 2024 மே மாதம் தடை நீக்கப்பட்டது.

இதில் என்ன பெரிய ஆபத்து என்று தோன்றலாம். இன்றைக்கு வங்கிக் கணக்கின் சாவியே செல்போன் எண்தான். ஓடிபி போவது அந்த எண்ணுக்கு. பணம் எடுத்தால் தகவல் போவது அந்த எண்ணுக்கு. முன்பின் தெரியாத ஒருவரின் எண்ணைக் கணக்கோடு இணைப்பது, வீட்டுச் சாவியைத் தெருவில் போகிறவர் கையில் கொடுப்பதற்குச் சமம். வீட்டுக்காரருக்குத் தகவலும் வராது. கிராமத்து மூதாட்டி ஒருவரின் ஓய்வூதியக் கணக்கு, அவருக்கே தெரியாமல் ‘டிஜிட்டல்’ ஆகிவிடும். எந்த வங்கியில் கணக்கு இருந்தாலும், தன் கணக்கோடு எந்த எண் இணைந்திருக்கிறது என்பதைக் கிளையில் ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்கள் கணக்கையும் சேர்த்தே.

ஊழியர்கள் செய்தது தவறு, சந்தேகமில்லை. ஆனால், மேலே இருந்தவர்கள் அடுத்த வங்கியின் எண்ணிக்கையைப் பார்த்து இலக்கு வைக்காமல், நம் வாடிக்கையாளரில் எத்தனை பேரிடம் ஸ்மார்ட்போன் இருக்கிறது என்று கேட்டு இலக்கு வைத்திருந்தால் இந்தத் தவறுக்கு வேலையே இருந்திருக்காது.

அப்படியானால் காப்பியடிப்பதே தப்பா?

தப்பில்லை. இந்தியாவில் ஏடிஎம் 1987-ல் மும்பையில் எச்எஸ்பிசி வங்கியோடு வந்தது. மற்றவர்கள் பார்த்துத்தான் வைத்தார்கள். எந்தக் கிளையில் கணக்கிருந்தாலும் எந்தக் கிளையிலும் பணம் எடுக்கலாம் என்ற வசதியும், அதாவது எல்லாக் கிளைகளையும் ஒரே கணினி அமைப்பில் கோர்ப்பதும், ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்ததுதான். கொஞ்சம் அரசும் ரிசர்வ் வங்கியும் பின்னாலிருந்து தள்ளின. அது சரியான காப்பி. காரணம், அங்கே காப்பியடிக்கப்பட்டது குழாயும் தொட்டியும். முகப்பு அலங்காரம் இல்லை.

யுபிஐ-யை இதே கண்ணோடு பார்க்கலாம். ரிசர்வ் வங்கியும் இந்திய வங்கிகள் சங்கமும் சேர்ந்து உருவாக்கிய தேசியப் பணப்பட்டுவாடா கழகம் 2016-ல் அதைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு வங்கியும் தனித்தனிக் குழாய் போடாமல் எல்லோருக்கும் பொதுவாக ஒரே குழாய். அதனால்தான் கும்பகோணத்துப் பூக்கடையில் ஸ்கேன் செய்தால் எந்த வங்கிப் பணமும் போய்ச் சேருகிறது.

ஆனால், அந்தக் குழாயின் முனையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? வங்கிகள் ஒன்றையொன்று பார்த்து வாலட்டும் செயலியும் செய்துகொண்டிருந்தபோது, வெளியாட்களான போன்பேயும் கூகுள் பேயும் உள்ளே வந்தன. யுபிஐ பரிவர்த்தனைகளில் பெரும்பகுதி இன்று இந்த இரண்டின் வழியாகத்தான் நடக்கிறது. எந்த ஒரு செயலியும் 30 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்ற வரம்பு 2020-ல் அறிவிக்கப்பட்டது. அதற்கான கெடு தள்ளித் தள்ளிப் போய், இப்போது 2026 டிசம்பரில் நிற்கிறது. பக்கத்து வங்கியையே பார்த்துக்கொண்டிருந்தால், எதிர்த் தெருவிலிருந்து வருகிறவர் கண்ணில் படமாட்டார்.

சின்ன வங்கிகளுக்கு இதில் இரட்டை நஷ்டம். பெரிய வங்கி செயலியில் ஒரு தவறு செய்தால் தாங்கும். சில மாவட்டங்களில் மட்டும் கிளைகள் வைத்திருக்கும் பழைய தனியார் வங்கிக்கும் கூட்டுறவு வங்கிக்கும் அந்தத் தெம்பு இல்லை. அவர்களுடைய உண்மையான பலம், கடைக்காரரின் முகத்தையும் அவர் அப்பாவின் முகத்தையும் தெரிந்த கிளை மேலாளர். அந்த மேலாளரிடம் கொடுக்க ஒரு நல்ல கருவி இருந்தால் போதும், கடன் கொடுப்பது வேகமாகும். ஆனால், அது திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டுகிற சமாச்சாரம் இல்லை. அதனால், காசு வேறு பக்கம் போய்விடுகிறது.

அடுத்த சுற்று

இப்போது எல்லோர் வாயிலும் செயற்கை நுண்ணறிவு. ஈவா, சியா காலத்தில் கேட்ட அதே வாக்குறுதிகள் புதுச் சட்டை போட்டு வந்திருக்கின்றன. முன்பு ரோபோவுக்கு வேலை கொடுத்ததாகச் செய்திக்குறிப்பு வந்தது. இப்போது மனிதர்களின் வேலை குறைந்ததாக வருகிறது. அந்த எண்ணும் ஒரு ஸ்கோர் போர்டாக மாறிக்கொண்டிருக்கிறது.

1911-ல் உருவான ஆஸ்திரேலியாவின் காமன்வெல்த் வங்கி, 2025 ஜூலையில் வாடிக்கையாளர் அழைப்பு மையத்தில் 45 வேலைகளை நீக்குவதாக அறிவித்தது. போனில் பேசிப் பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவு பாட் வந்துவிட்டது, அழைப்புகள் குறைந்துவிட்டன என்பது காரணம். ஊழியர் சங்கம் ஒப்புக்கொள்ளவில்லை. அழைப்புகள் கூடியிருக்கின்றன, மிகை நேர வேலை கொடுக்கிறார்கள், குழுத் தலைவர்களே போன் எடுக்கும் நிலை என்று சொல்லி, விஷயத்தைத் தொழிலாளர் தீர்ப்பாயத்துக்குக் கொண்டுபோனது. ஆகஸ்ட் மாதம் வங்கி தன் முடிவைத் திரும்பப் பெற்றது. கணக்குத் தவறிவிட்டது என்று ஒப்புக்கொண்டு ஊழியர்களிடம் மன்னிப்பும் கேட்டது. அந்த 45 பேருக்கும் மூன்று வழிகள் சொல்லப்பட்டன. அதே வேலையில் தொடரலாம், வங்கிக்குள்ளேயே வேறு வேலைக்கு மாறலாம், விருப்பமிருந்தால் வெளியேறலாம்.